நாச்சியார் படியிறங்கிய புரட்டாசி

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் காலையில், அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில், ஆற்றுத் தெரு வடிவு வீட்டுக் கொலுவில் மேல்படியில் நின்றிருந்த மரப்பாச்சி நாச்சியார், தசாவதாரத்தைத் தாண்டி, கல்யாண செட்டைத் தாண்டி, கடைசிப் படியில் பலசரக்குக் கடை விரித்து உட்கார்ந்திருந்த செட்டியார் பொம்மையின் அரிசி மூட்டையைச் சுற்றிக்கொண்டு தரைக்கு இறங்கி, வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ஒரு சாண் உயரம், செம்மரம், தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தடவித் தடவிக் கறுத்துப்போன முகம். கால்கள் இரண்டும் சேர்த்துச் செதுக்கப்பட்டிருந்ததால் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, பிறகு வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்து, ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை தூரம் முன்னால் போனாள். யாரோ விரல் முட்டியால் கதவைத் தட்டுவதுபோல டக், டக் என்று அவள் நடக்கிற சத்தம் கேட்டது.

வடிவு அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்று கேட்டாள்.

தூக்கி மேல்படியில் வைத்தாள். நாச்சியார் மறுபடியும் இறங்கினாள். இன்னொரு தடவை வைத்தபோதும் இறங்கினாள். அதற்குள் வடிவின் புருஷன் குற்றாலிங்கம் பேப்பரை மடித்துக்கொண்டு வந்து நின்றார். பொம்மை போகிற திசையைப் பார்த்ததும் அவர் முகம் கடுத்துப்போனது.

"அது எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும். அவன் வீட்டுல நிக்கிற அதோட ஜோடி, அந்தத் தொரையைப் பாக்கப் போவுது."

வடிவு பொம்மையைத் தூக்க நீட்டின கையை இழுத்துக்கொண்டாள்.

"போவட்டும். மரத்தைக் கட்டிப்போட நமக்கு வேற வேலை இல்லையா? ஆனா நம்ம வீட்டு ஆளு யாரும் பின்னாடி போகக்கூடாது. நாம அனுப்பி வெச்சோம்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

அவன் என்று அவர் சொன்னது தன் கூடப்பிறந்த அண்ணன் பாபநாசத்தை. பூவனேரியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். தம்பி ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்த சமயத்தில் அண்ணன் கடைக்குப் புது போர்டு மாட்டினார். அதில் தம்பி பெயர் இல்லை. மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை, கேட்காமல் விட தம்பிக்கு மனம் வரவில்லை. கடை இரண்டானது, அடுப்பு இரண்டானது, கடைசியில் மேல ரத வீதியில் எல்லோரும் சேர்ந்து இருந்த வீட்டையும் பூட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, அண்ணன் ஸ்டேஷன் ரோட்டிலும் தம்பி ஆற்றுத் தெருவிலுமாகக் குடிபோனார்கள்.

அவர்கள் பெண்டாட்டிமார் இருவருக்கும் இடையில் சண்டை எதுவும் இல்லை. ஓரகத்திகள் என்றாலும் மூத்தவள் ஆவுடையம்மாளும் இளையவள் வடிவும் ஒரே தட்டில் பழையது பிசைந்து தின்றவர்கள், ஒருத்திக்குத் தலைவலி என்றால் இன்னொருத்தி நெற்றியில் பற்றுப் போட்டுக்கொள்வாள் என்று தெருவே கேலி செய்யும்படி இருந்தவர்கள். புரட்டாசி பிறந்தால் இரண்டு பேரும் பரணில் இருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி, பழைய வேட்டித் துணியைப் பிரித்து ஒவ்வொரு பொம்மையாக முகம் துடைத்துப் படியில் வைப்பார்கள். பாகம் பிரித்த அன்று ஆண்கள் முன்கட்டில் அண்டா குண்டாவை எடை போட்டுக்கொண்டிருந்தபோது, பின்கட்டில் இவர்கள் பொம்மைகளைப் பிரித்துக்கொண்டார்கள். மரப்பாச்சி ஜோடி மட்டும் மிஞ்சியது. ஆவுடையம்மாள் நாச்சியாரை எடுத்து வடிவின் மடியில் வைத்தாள்.

"நீ இவளை வெச்சுக்கோ. தொரை என்கிட்ட இருக்கட்டும். நாம பாத்துக்கிறதுக்கு ஏதாவது ஒரு சாக்கு வேணும்ல."

அந்தச் சாக்கை இருவரில் ஒருவரும் எடுக்கவில்லை. வருஷங்கள் போயின. கோயிலில் எதிரெதிரே வந்தால் புருஷன்மார் முகத்தைப் பார்த்துவிட்டு இருவரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

இப்போது நாச்சியார் வாசல்படியில் இருந்து இறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள். வடிவு கதவுக்குப் பின்னால் நின்று அந்த டக் டக் சத்தம் தேய்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் முதலில் வழிவிட்டது. ஆற்றுத் தெருவில் சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள், நாய்கள் மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் படுத்தன, டவுன் பஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "நாச்சியா நடக்கிறா, மெள்ளப் போங்க" என்று டிரைவருக்குச் சொல்லிவிட்டு டிக்கெட் கொடுக்கிற வேலையைத் தொடர்ந்தார். பெருமாள் கோயில் பட்டரிடம், தெருவில் போகிறவளுக்கு ஆரத்தி எடுக்கலாமா என்று கேட்டார்கள். "கோயிலுக்குள்ள வந்தா நான் பாத்துக்கறேன். ரோட்டுல போறவாளுக்கு வழிதான் விடணும்" என்றார் அவர். அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

முதல் நாளே மழை பிடித்துக்கொண்டதால், ஆட்டோ ஓட்டுகிற பிச்சையா இரக்கப்பட்டு அவளைத் தூக்கி முன்சீட்டில் வைத்து, ஸ்டேஷன் ரோட்டுப் பக்கமாகக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் இறக்கிவிட்டார். நாச்சியார் திரும்பி நின்றாள். தன்னைத் தூக்கின இடத்துக்கே நடந்து வந்து, அங்கிருந்து மறுபடி புறப்பட்டாள். இடையில் ஒரு முழு நாள் வீணாகிவிட்டது. பிச்சையாவுக்கு மனசு கேட்கவில்லை. அன்றையில் இருந்து சவாரியை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் முதல் கியரில் ஆட்டோவை உருட்டிக்கொண்டு வந்து, லாரியும் பஸ்ஸும் இடித்துவிடாதபடி பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அவளை யாரும் தூக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம் ஆனால் நாச்சியார் நின்றுவிடுவாள். எந்த வாசலோ அந்த வாசல். முதலில் அவள் நின்றது மைதீன் பாயின் பஞ்சர் கடையில். கொலு வைக்கிற வழக்கம் அவருக்கு ஏது? ஆனால் வாசலுக்கு வந்த பெண்ணைத் தனியே நிறுத்தி வைப்பது சரியில்லை என்று தோன்றவே, லாரி டயர், கார் டயர், ஸ்கூட்டர் டயர் என்று அவளுக்குப் பின்னால் படிப்படியாக அடுக்கி, அதில் ஒரு டிரைவர் மறந்துவிட்டுப்போன, தலையாட்டுகிற பிளாஸ்டிக் நாயையும், தன் மகள் பள்ளிக்கூடத்தில் செய்த களிமண் யானையையும் வைத்தார். பக்கத்து டீக்கடையில் இருந்து அவித்த கொண்டைக்கடலை வந்தது. ஆற்றுத் தெருப் பெண்கள் வெற்றிலை பாக்கோடு வந்து, டயர்க் கொலுவை உட்கார்ந்து பார்த்து, "நாய் நல்லாயிருக்கு பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பேக்கரி. அங்கே பிஸ்கட் டின்களை அடுக்கி, கல்யாணக் கேக்கின் உச்சியில் வைக்கிற கோட்டு சூட்டு மாப்பிள்ளையையும் வெள்ளை கவுன் பெண்ணையும் எடுத்து வைத்தார்கள். அதற்கடுத்து அந்தோணி வாத்தியார் வீடு. மார்கழிக்கு எடுக்கவேண்டிய குடில் பெட்டியை அவர் முன்கூட்டியே இறக்கி, ஆடுகளையும் இடையர்களையும் மூன்று ராஜாக்களையும் ஒட்டகத்தோடு வரிசையாக நிறுத்தினார். சலூனில் கை ஆட்டுகிற தங்க நிறப் பூனை. செல்போன் கடையில், எதற்கென்று யாருக்கும் தெரியாமல் வெகுநாளாக ஷோகேசில் இருந்த ஒரு கண்ணாடி மீன். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இத்தனை பொம்மைகள் டிவி மேலேயும் பிரிட்ஜ் மேலேயும் தூசி படிந்து நின்றுகொண்டிருந்தன என்று அந்தப் புரட்டாசியில்தான் தெரிந்தது. நாச்சியார் தங்கள் வாசலில் நிற்பாளோ என்று அவள் போகிற வழியில் இருந்தவர்கள் எல்லாம் அவற்றை எடுத்துக் கழுவி, துடைத்து, தயாராக வைத்துக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் இசக்கியம்மாள் வீட்டு வாசலில் நின்றாள். இசக்கியம்மாளின் புருஷன் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், சித்திரையில் தவறிப்போயிருந்தார். மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ள அவளை யாரும் கூப்பிடுவதில்லை, அவளும் யார் கண்ணிலும் படாமல் கதவைச் சாத்திக்கொள்வாள். அன்றைக்குக் கதவைத் திறந்து பார்த்து, வெகுநேரம் நின்றாள்.

"என் வீட்டுல என்ன இருக்கு தாயி" என்று நாச்சியாரிடம் சொன்னாள். பிறகு உள்ளே போய், அவர் எந்த ஊர்ப் பட்டாளத்தில் இருந்தபோதோ வாங்கி வந்த பீங்கான் வாத்துகளை, பெரியதில் இருந்து சிறியதுவரை, ஒரு மணைப்பலகையில் வரிசையாக வைத்துக்கொண்டு வந்தாள். பாசிப்பயறு சுண்டல் செய்திருந்தாள். நாச்சியாருக்குப் பின்னால் வந்த பெண்கள் வாசலில் ஒரு கணம் தயங்கினார்கள். பூக்கார சுடலிதான் முதலில் உள்ளே போனாள். பிறகு எல்லோரும் போனார்கள். கிளம்பும்போது யாரோ குங்குமச் சிமிழை இசக்கியம்மாள் பக்கம் நீட்டினார்கள், அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மல்லிகையை மட்டும் ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டாள்.

சுடலிக்கு ஊரெல்லாம் வாடிக்கை. ஆற்றுத் தெருவிலும் பூ கொடுப்பாள், ஸ்டேஷன் ரோட்டிலும் கொடுப்பாள். அதனால் நாச்சியார் எங்கே நிற்கிறாள் என்ற சேதி நாள் தவறாமல் இரண்டு வீட்டுக்கும் போனது.

"மழையில மரம் ஊறி, கால் பக்கம் லேசா வெடிச்சிருக்குக்கா" என்று அவள் சொன்ன அன்று வடிவு பூவை வாங்கிக்கூட வைக்கவில்லை. நல்லெண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, தன் கல்யாணப் புடவையின் உள்பக்க ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, பொம்மைக்குக் கட்டுகிற பாவாடையாகச் சுருக்குத் தைத்து, இரண்டையும் அவளிடம் கொடுத்தாள்.

"நீயே தடவிவிடு. வலிக்காம தடவு."

"நீங்களே வந்து ஒரு எட்டுப் பாக்கலாம்ல."

வடிவு உள்ளே குற்றாலிங்கம் இருக்கிற அறையைப் பார்த்தாள். "தடவிட்டு வந்து சொல்லு" என்றாள்.

ஸ்டேஷன் ரோட்டில் வேறு மாதிரி இருந்தது. பாபநாசம் வாசலில் பந்தல் போட்டுவிட்டார். "நான் யாரையும் கூப்பிடல. தன்னால வருது பாரு. எது மூத்த வீடுன்னு மரத்துக்குத் தெரிஞ்சிருக்கு" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நாதஸ்வரத்துக்கும் சொல்லிவைத்தார். ஆவுடையம்மாள் நாள்தோறும் காலையில் வாசலில் கோலத்தை முந்தின நாளைவிடப் பெரிதாகப் போட்டாள். மேல்படியில் தனியாக நின்ற தொரையின் தோளில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு, "வாராளாம்" என்று மட்டும் அவனிடம் சொன்னாள். வருகிறவள் பின்னால் இன்னொருத்தியும் வருவாளா என்று சுடலியிடம் கேட்க நினைத்து, கேட்காமலே இருந்தாள்.

சரஸ்வதி பூஜை அன்று நாச்சியார் மணிக்கூண்டுக்கு வந்து சேர்ந்தாள். பூஜை போட்ட பஸ்களும் வாழைக்கன்று கட்டிய லாரிகளும் நான்கு பக்கமும் நின்றன. விஜயதசமி அன்று பொம்மைகளைப் படுக்க வைத்தாக வேண்டும், அதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. மணிக்கூண்டில் இருந்து வலதுகைப் பக்கம் திரும்பினால் ஸ்டேஷன் ரோடு, பந்தலே கண்ணுக்குத் தெரியும். நாச்சியார் அங்கே நின்றாள். எண்ணெய் தடவின முகம் வெயிலில் மின்னியது. மதியம் முழுக்க அசையவில்லை. பிறகு மெள்ள இடதுபக்கம் சாய்ந்து, திரும்பி, பழைய வீடு இருக்கிற மேல ரத வீதிக்குள் நுழைந்தாள்.

கூட்டமும் அவளுக்குப் பின்னாலேயே திரும்பியது. பிச்சையா ஆட்டோவை அணைத்துவிட்டு இறங்கி, செருப்பைக் கழற்றினார்.

சேதி கேட்டதும் பாபநாசம் நாதஸ்வரக்காரரைப் பார்த்து, "கட்டிக்கிட்டுக் கெளம்புங்க" என்றார். "வழி தெரியாத சனியன்" என்றும் சொன்னார். ராத்திரி அவர் சாப்பிடவில்லை. காலையில் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவுடையம்மாள் கொலுவில் இருந்து தொரையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

"எங்க?"

"வீட்டுக்கு."

"அப்போ இது யாரு வீடு?"

"இது நீங்க கட்டினது" என்று சொல்லிவிட்டு அவள் பந்தலைத் தாண்டிப் போனாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. 

ஆற்றுத் தெருவில் குற்றாலிங்கத்துக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அண்ணன் வீட்டுக்குப் போகாத பொம்மையின் மேல் எப்படிக் கோபப்படுவது? நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடிவு கொண்டையை முடிந்துகொண்டு வந்து நின்றாள்.

"சோறு வடிச்சிருக்கேன். குழம்பை மட்டும் சுட வெச்சுக்கோங்க."

"அங்க இப்போ நம்ம ஆளு யாரு இருக்கா?"

"போனாத்தான தெரியும்."

மேல ரத வீதி வீடு அப்போது ரத்தப் பரிசோதனை நிலையமாக இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வேலைக்கு வந்திருந்த ஜெசிந்தா என்ற பெண், விடுமுறை நாளிலும் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தாள். நாச்சியார் வாசல் கல்லின் முன்னால் வந்து நின்றாள். இறங்கத் தெரிந்த அவளுக்கு ஏறத் தெரியவில்லை. கல்லில் முட்டி, பின்னால் சாய்ந்து, மறுபடி முட்டினாள். டக், டக் என்று உள்ளேவரை கேட்டது. தூக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வடக்கே இருந்து ஆவுடையம்மாள் வந்தாள். தெற்கே இருந்து வடிவு வந்தாள். கூட்டம் இரண்டு பக்கமும் விலகியது. இருவரும் வாசல் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தியாக நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். 

"ரொம்ப இளைச்சிட்ட" என்றாள் ஆவுடையம்மாள்.

"நீங்க முடிக்குச் சாயம் போடுறத விட்டுட்டீங்களாக்கா?"

"யாரு போட்டுவிடுறது? பின்னந்தலை எனக்கு எட்டாது."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவருமாகக் குனிந்து, ஒருத்தி தலையையும் ஒருத்தி காலையும் பிடித்து, நாச்சியாரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தார்கள். அவள் திரும்பிப் போகவில்லை. ஆவுடையம்மாள் முந்தானையைப் பிரித்துத் தொரையை எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். அவ்வளவுதான், இரண்டு மரப்பாச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"இந்த நாற்காலியெல்லாம் நகத்தலாமா பாப்பா?" என்று வடிவு கேட்டாள்.

"நகத்துங்கம்மா. ஊசி போடுற இடம் மட்டும் எனக்கு இருக்கட்டும்" என்றாள் ஜெசிந்தா.

பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கவிழ்த்தும் அடுக்கியும் படி கட்டி, மேலே வெள்ளைத் துணி விரித்தார்கள். மதியத்துக்குள் மைதீன் பாய் மகள் களிமண் யானையைக் கொண்டுவந்தாள். வாத்துகள் வந்தன, ஒட்டகம் வந்தது, கேக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தார்கள், கை ஆட்டுகிற பூனையை சலூன்காரர் புது பேட்டரி போட்டு அனுப்பியிருந்தார். எந்தப் படியில் எதை வைப்பது என்று ஆவுடையம்மாளும் வடிவும் பேசிக்கொண்டார்கள். பூனை தொரைக்குப் பக்கத்தில் வேண்டாம் என்றாள் ஒருத்தி, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள் இன்னொருத்தி. வெறும் வயிற்றோடு வந்தவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டுச் சுண்டல் சாப்பிட்டார்கள். இசக்கியம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர்களுக்கெல்லாம் இலையில் மடித்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஆரத்தி எடுத்து முடித்ததும், ஒரு பழைய புடவையை நாலாக மடித்து விரித்து, அதில் நாச்சியாரையும் தொரையையும் படுக்க வைத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வெளியே மழை தொடங்கியிருந்தது. ஜெசிந்தா சாவியை எடுத்துக்கொண்டு வந்து, விளக்கை அணைக்கலாமா என்று கேட்டாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றாள் ஆவுடையம்மாள். "நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்."

என்ன பேசினார்கள் என்பது ஊருக்குத் தெரியாது. யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் செத்தது, எந்த வருஷம் யாருக்குக் காய்ச்சல் வந்தது, பல் எப்போது விழுந்தது, எந்தக் கடையில் இப்போது நல்ல பெருங்காயம் கிடைக்கிறது என்று அத்தனை வருஷத்துப் பேச்சும் சேர்ந்து கிடந்திருக்கும். இடையில் சிரிப்புச் சத்தமும் வந்தது.

மழை வலுத்த நேரத்தில் குற்றாலிங்கம் பெண்டாட்டியைக் கூட்டிப்போகக் குடையோடு வந்தார். வந்து பார்த்தால் வாசலில் பாபநாசம் இன்னொரு குடையோடு நிற்கிறார். உள்ளே போக இருவருக்கும் கூச்சமாக இருந்தது. காற்று குடையைத் திருப்பிப்போட்டுக்கொண்டே இருந்ததால் இருவரும் சன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த சிமெண்டுக் கூரைக்குக் கீழே ஒதுங்கினார்கள். அது அகலமானது இல்லை. தோளோடு தோள் ஒட்டி நின்றால்தான் நனையாமல் இருக்கலாம்.

வெகுநேரம் கழித்து பாபநாசம், "மழை விடாது போல" என்றார்.

"ஆமா" என்றார் குற்றாலிங்கம்.

அந்த வருஷம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். ஆனால் மழை விட்ட பிறகும், தெருவில் தண்ணீர் வடிந்து ஆட்கள் நடமாடத் தொடங்கிய பிறகும், இருவரும் குடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கூரையின் கீழேயே நின்றுகொண்டிருந்தார்கள் என்று ஜெசிந்தா சொல்கிறாள்.